மூன்றில் ஒரு பங்கு தப்பு

"என் மேலும் தப்பு உண்டு" என்று நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது என் முப்பத்தாறாம் வயதில், புதுச்சேரி கோர்ட்டில், கறுப்பு அங்கி போட்ட ஒரு நீதிபதியின் முன்னால். அதற்கு முன் வீட்டிலோ பள்ளியிலோ நான் அப்படிச் சொன்னதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மனைவி அன்று கோர்ட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் முதல் வரிசையில் இடம் பிடித்து, கண் கொட்டாமல் பார்த்திருப்பாள்.

அப்போது நான் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டர். கொடி மாறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாலும் கோர்ட்டில் அவர்கள் சட்டம்தான், அவர்கள் பாஷைதான். எனக்குச் சொத்தென்று இருந்தவை ஒரு விசில், ஒரு பழைய சைக்கிள், மூக்குக்கு மேல் கோபம். திங்கட்கிழமைகளில் பையன்களுக்குச் சாலை விதி சொல்லிக்கொடுப்பேன். மைதானத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டு, இதுதான் வீதி என்று சொல்லி, நடக்கவிடுவேன். நடுவில் நின்று பராக்குப் பார்க்கும் பயலை விசிலடித்து வெளியே கூப்பிட்டு, "நடு வீதியில் நிற்பவன் யார்?" என்று கேட்பேன். "முட்டாள் சார்" என்று வகுப்பே கத்த வேண்டும். இது வாரா வாரம் நடந்தது.

அந்த முட்டாள் நான்தான் என்பது ஒரு சனிக்கிழமை மத்தியானம் தெரிந்தது.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. குருசுக்குப்பம் போகும் வழியில் எங்கள் வீடு. பசியோடு சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தேன். கடைகள் இருக்கும் ஒரு நேர் வீதியில் பாதி தூரம் போயிருப்பேன். கோவிலில் பன்னிரண்டு மணி திரிகால ஜெப மணி அடித்தது. கோவில் என்று நான் சொல்வது மாதா கோவில். காலையும் மத்தியானமும் சாயங்காலமும் அந்த மணி அடிக்கும்போது கிறிஸ்தவர்களாகிய நாங்கள் செய்கிற வேலையை விட்டுவிட்டு ஜெபம் சொல்வோம். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு கூடுதல் சட்டம் உண்டு. மணி காதில் விழுந்த பிறகு ஓர் அடிகூட எடுத்து வைக்கக்கூடாது என்று என் அம்மா பழக்கியிருந்தாள். கையில் சோற்றுப் பருக்கை இருந்தால் அது கையிலேயே இருக்க வேண்டும். கிணற்றில் வாளி பாதியில் இருந்தால் பாதியில் தொங்க வேண்டும். அப்படி வளர்ந்தவன் நான்.

ஆகவே நின்றேன். நின்ற இடம் வீதியின் நட்ட நடு. ஒரு காலைத் தரையில் ஊன்றி, தொப்பியைக் கழற்றி, சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடினேன். அந்த ஜெபத்தில் வரும் மூன்று மந்திரத்தில் இரண்டாவதை முடிப்பதற்குள் பின்னாலிருந்து வந்த ஒரு சின்ன லாரி என்னைத் தள்ளிவிட்டது.

விழுந்தபோது வலி தெரியவில்லை. சைக்கிள் என் வலது காலின் மேலும், லாரியின் முன்சக்கரம் சைக்கிளின் மேலும் இருந்தன. லாரியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகள். பிரேக் போட்ட வேகத்தில் ஒரு மூட்டை விழுந்து பிரிந்து, வீதி முழுவதும் கொட்டைகள் ஓடின. ஓடிவந்த கூட்டத்தில் பாதிப் பேர் என்னைத் தூக்க வந்தார்கள், பாதிப் பேர் மல்லாட்டை பொறுக்க வந்தார்கள். தலைமாட்டில் ஒருத்தி மடி நிறையப் பொறுக்கிக்கொண்டே, "ஐயோ பாவம், காலு போச்சே" என்று அங்கலாய்த்தாள். அந்த நிலையிலும் எனக்குக் கோபம் வந்தது, அதனால் உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

டிரைவர் இருபத்தைந்து வயதுக்காரன். பக்கத்துக் கிராமத்தில் பயிர் வைக்கும் குடும்பம்; டவுனுக்கு வந்து ஒரு மல்லாட்டை மண்டிக்காரரிடம் லாரி ஓட்டினான். அவன் போலீசுக்குக் காத்திருக்கவில்லை. என்னைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி மூட்டைகளின் மேல் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். "வாத்தியாரே, பேசுங்க வாத்தியாரே, பேசிகினே வாங்க" என்று வழியெல்லாம் பின்பக்கம் திரும்பித் திரும்பிக் கத்தினான். முன்னால் பார்த்து ஓட்டு என்று நான் திட்டினேன். எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டுப் படுக்க வைத்த பிறகு என் மனைவி வந்தாள். அழுதாள், நெற்றியைத் தடவினாள், நான் நடந்ததைச் சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, அந்த ஜெபத்த கொஞ்சம் ஓரமா நின்னு சொல்லக்கூடாதா?"

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவனைப் பின்னால் வந்து இடித்தவன் ஒருவன் இருக்க, குற்றம் சொல்ல நான்தானா கிடைத்தேன்? அவள் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மாதம் போய்க் கட்டைப் பிரித்தார்கள். கால் சேர்ந்துவிட்டது, ஆனால் வலது கால் இடது காலைவிட ஒரு விரற்கடை குட்டை. நடந்தால் படகில் போவது போல் ஆடினேன். பள்ளித் தலைமைச் சாமியார் பார்க்க வந்தார். ஒல்லியான, வறண்ட மனிதர். "விடுமுறை முடிந்து பள்ளி திறக்கட்டும். அப்போதும் ஓட முடியாவிட்டால், மாஸ்டர், நாங்கள் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். அதுவரை பாதிச் சம்பளம். எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மனைவி தையல் கூலிக்கு வாங்க ஆரம்பித்திருந்தாள். இனி ஒரு சிறு கடை வைத்தாவது பிழைக்க வேண்டும், அதற்குக் கைமுதல் நஷ்ட ஈட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

இந்தச் சமயத்தில் மண்டிக்காரர் ஆள் அனுப்பினார். ரெட்டியார்பாளையத்தில் பெரிய வீடு, பெரிய பக்தி உள்ளவர். கோர்ட்டுக்குப் போக வேண்டாம், கேட்கும் தொகையில் பாதியை இப்போதே கொடுத்துவிடுகிறேன் என்றார். ஒரே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சைக்கிளில் போனவர் திடீரென்று குறுக்கே திரும்பியதால் விபத்தில் பாதிப் பொறுப்பு அவருடையது என்று அதில் எழுதியிருந்தது. போலீசில் டிரைவரும் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

நான் அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்து, கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்தேன்.

"பாதின்னா பாதி. வாங்கிப் போடுங்க" என்றாள் மனைவி.

"பணமா இப்ப பிரச்சனை? நான் குறுக்க திரும்பவே இல்ல. தப்பு என் மேல இல்லன்னு கோர்ட்டு சொல்லணும்."

"பணந்தான் பிரச்சனை. அரிசிப் பானைக்கு உங்க நியாயம் தெரியாது."

அவள் சொன்னது சரி. ஆனாலும் நான் வக்கீலிடம் போனேன்.

வக்கீலை அப்போதெல்லாம் நாங்கள் அவொக்கா என்போம். என் அவொக்கா வயதானவர், வெள்ளை மீசை, சட்டை முழுக்க மூக்குப்பொடி. காலைக் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார். நான் மணி அடித்தது, நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காப்பியோடு வைத்திருந்த நீள ரொட்டியை மேஜையில் வைத்தார்.

"இது உம்ம கால், சம்பளம், வேதனை, எல்லாம் சேர்ந்த நஷ்டம். முழுசா உமக்கு வரணும். ஆனா உம்ம பேர்ல தப்பு இருந்தா, அது எவ்ளோன்னு ஜட்ஜு பாப்பாரு. இவ்ளோன்னா" என்று ஒரு துண்டைப் பிய்த்தார், "இவ்ளோ போச்சு. இன்னும் ஜாஸ்தின்னா இவ்ளோ." இன்னொரு துண்டு. இரண்டையும் காப்பியில் நனைத்து அவரே சாப்பிட்டுவிட்டார்.

"நின்னு ஜெபம் பண்றது தப்பா?" என்றேன்.

"அத நான் கேக்கல. நீர் நின்னத யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. டிரைவர் பார்த்திருந்தால்தான் இடித்திருக்க மாட்டானே.

"அப்போ பொய் சொல்லுன்னு நான் சொல்லல. கேட்டா சொல்லும். கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது வாத்தியாருங்களுக்கு ஒரு வியாதி. அது மட்டும் வேணாம். மெதுவா ஓரமா போய்க்கினு இருந்தேன், அவ்ளோதான்."

பிறகு ஒரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் டேப் வைத்து என் இரண்டு காலையும் அளந்தார். உட்கார் என்றார், எழு என்றார், படி ஏறு என்றார். கடைசியில் நூற்றுக்குப் பதினைந்து குறை என்று எழுதினார். ஒரு மனிதனில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்து போய்விட்டதாகக் காகிதத்தில் படிப்பது நன்றாக இல்லை. அதைவிட விசித்திரம், பட்ட வேதனைக்கும் தனியாக ஒரு விலை உண்டாம். லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று தரம் பிரித்திருந்தார்கள். உங்கள் வேதனை எது என்று டாக்டர் கேட்டார். மிகவும் கடுமையானது என்றேன். கூட வந்த என் மனைவி, "போன வருசம் காலுல முள்ளு ஏறுனப்போ இத விட ஜாஸ்தி கத்துனீங்க" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு நடுத்தரம் என்று போட்டார்.

வழக்கு வந்த நாளில் நான் சலவைச் சட்டையும் கைத்தடியுமாகப் போனேன். மனைவிக்கு அன்று ஒரு கல்யாணத்து ரவிக்கைகளை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. புறப்படும்போது, "உள்ளத சொல்லிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். அவொக்கா சொல்லிக் கொடுத்ததை அவளுக்கு நான் சொல்லியிருந்தேன். அவள் அதைப் பற்றி நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியது.

கோர்ட்டில் நல்ல கூட்டம். எங்கள் மாதா கோவில் பங்கு ஆட்கள் பத்துப் பேர், மண்டி ஆட்கள், தலைமைச் சாமியார்கூட ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி நம் ஊர்க்காரர்தான், பிரெஞ்சில் சட்டம் படித்தவர். வீட்டில் தமிழ் பேசுகிறவர். ஆனால் கோர்ட்டில் அவர் பிரெஞ்சில் கேட்பார், துபாசி அதைத் தமிழில் சொல்வார், நாம் தமிழில் சொன்னதை துபாசி மறுபடி பிரெஞ்சில் சொல்வார். நாம் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் துபாசி வாயைத் திறக்கும் முன்பே நீதிபதியின் உதடு துடிக்கும். எனக்கு அது தைரியமாக இருந்தது.

என் பெயர், தொழில், வீடு எல்லாம் கேட்டார்கள். அன்று எந்த வழியாகப் போனீர் என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு துபாசி, "விபத்து நடந்த சமயத்தில் நீர் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்தீர் என்று நீதிபதி கேட்கிறார்" என்றார்.

மெதுவாக என்று சொல்ல வேண்டியதுதான். நாலு எழுத்து. பாதி வாய் திறந்தும்விட்டேன்.

அப்போது கோவில் மணி அடித்தது.

பன்னிரண்டாகிவிட்டது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டு, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிலுவை போட்டேன். எங்கள் பங்கு ஆட்கள் எழுந்து நின்றார்கள். சாமியார் எழுந்தார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தார். எதிரே நின்ற டிரைவர் பையன், என்னவென்று புரியாவிட்டாலும், எல்லோரும் கும்பிடுகிறார்களே என்று அவனும் கையைக் கூப்பினான். என் அவொக்கா மட்டும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அது ஜெபம் இல்லை.

மணி நின்றது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நீதிபதி கையிலிருந்த போலீஸ் காகிதத்தைப் பார்த்தார். விபத்து நடந்த நேரத்தைப் படித்தார். மறுபடி என்னைப் பார்த்தார். துபாசி வழியாகக் கேட்டார்: "அன்றைக்கும் இந்த மணி அடித்ததா?"

"அடிச்சிது."

"அடித்தபோது நீர் என்ன செய்தீர்?"

இப்போதுகூட, ஜெபம் சொல்லாமல் மிதித்துக்கொண்டே போனேன் என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது பேர் முன்னால் மணிக்கு நின்றுவிட்டு, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பங்கு ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம் பாதி. காலையில் வாசலில் மனைவி சொன்னது மீதி.

"நின்னேன். தொப்பிய கழட்டினேன். கண்ண மூடிக்கினு ஜெபம் சொன்னேன். நின்னது நடு வீதி." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கோபம் பொத்துக்கொண்டு வர, "ஜெபம் சொல்றது குத்தம்னா தண்டன குடுங்க" என்றும் சேர்த்துவிட்டேன்.

மண்டிக்காரரின் அவொக்கா எழுந்தார். அவரை எனக்குத் தெரியும். அவர் மகன் என் வகுப்பில் படித்தான், கடைசி வரிசை, ஓடச் சொன்னால் வயிற்று வலி என்பான். "மாஸ்டர், திங்கட்கிழமை திங்கட்கிழமை நீங்கள் பையன்களிடம் ஒரு கேள்வி கேட்பீர்களாம். என் மகன் வீட்டிலும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறான். நடு வீதியில் நிற்பவன் யார்?"

கோர்ட்டே என்னைப் பார்த்தது. மூலையில் தலைமைச் சாமியார் கூரையைப் பார்த்தார். எத்தனையோ பதில்கள் நாக்கில் வந்தன. மணி வேறு, பராக்கு வேறு என்று சொல்லலாம். பின்னால் வருகிறவனுக்குக் கண் இல்லையா என்று கேட்கலாம். ஆனால் என் காதில் நாற்பது பையன்கள் சேர்ந்து கத்திய சத்தம்தான் கேட்டது. எத்தனை பையன்களை அந்தக் கோட்டுக்கு வெளியே கூப்பிட்டுக் காதைத் திருகியிருப்பேன்.

"முட்டாள்" என்றேன். பிறகு, "என் மேலயும் தப்பு உண்டு. ரெண்டு அடி ஓரமா போயிருக்கணும்" என்றேன்.

துபாசி அதைப் பிரெஞ்சில் சொல்ல ஆரம்பித்தார். நீதிபதி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அவ்வளவுதான், வழக்கு போச்சு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதியும் போய் முக்காலும் போகும். மனைவிக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் டிரைவரைக் கூப்பிட்டார்கள். சைக்கிள் குறுக்கே திரும்பியது என்று போலீசில் சொன்னாயே, இவர் நின்றுகொண்டிருந்ததாகச் சொல்கிறாரே, எது நிஜம் என்று கேட்டார்கள்.

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். முதலாளியைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான். "வாத்தியாரு அவரு தப்ப சொல்லிட்டாரு. இதுக்கு மேல நான் மறச்சா நல்லாருக்காதுங்க. அவரு நின்னாரா போனாரான்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல. நான் புள்ளையார கும்பிட்டுக்கினு இருந்தேன்."

அந்த இடத்தில் அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் உண்டு. எனக்கும் அது தெரியும், இத்தனை நாள் நினைவில் வரவில்லை.

"எப்படிக் கும்பிட்டாய், செய்து காட்டு" என்றார்கள். அவன் வெட்கத்தோடு, வலது கை இடப் பக்கமும் இடது கை வலப் பக்கமும் போகும்படி குறுக்காக வைத்து, நெற்றிப் பொட்டில் மூன்று தரம் குட்டிக்கொண்டான். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. பிள்ளையாருக்கு அப்படித்தானே குட்டிக்கொள்ள வேண்டும்? ஒற்றைக் கையால் முடியாது.

"அப்போது ஸ்டீரிங்கை யார் பிடித்திருந்தார்கள்?"

"அவருதான்" என்றான். பிள்ளையாரைச் சொல்கிறான். நீதிபதி கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

லாரியை நிறுத்திவிட்டுக் கும்பிட்டால் என்ன என்று கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்தான். "முன்னாடி நிறுத்தித்தான் கும்பிடுவேன். லோடு போறப்போ புள்ளையார கும்பிடாம போவக்கூடாதுன்னு மொதலாளி உத்தரவு. ஆனா நிறுத்தி நிறுத்தி எடுத்தா எண்ணை வீணாவுது, ஓட்டிக்கினே கும்பிடுன்னாரு."

மண்டிக்காரர் பாதி எழுந்தார், பாதி உட்கார்ந்தார். உண்மையா என்று அவரைக் கேட்டார்கள். கோர்ட்டில் பிள்ளையார் விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கும் பயம். "சாமி காரியம்னுதான் சொன்னேன்" என்று முணுமுணுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் முறிந்த நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது போல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். நானும் கண்ணை மூடியிருக்கிறேன், அவனும் கண்ணை மூடியிருக்கிறான். அவன் சாமியும் என் சாமியும் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் இருவரும் மோதிக்கொண்டிருக்கிறோம். டிரைவர் பயந்துபோய் என்னைப் பார்த்தான், பிறகு அவனும் சிரித்தான். அவன் மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே தீர்ந்துபோயிற்று.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு. நீதிபதி படித்ததை துபாசி எங்களுக்குச் சொன்னார். ஜெபம் குற்றம் இல்லை, கும்பிடுவதும் குற்றம் இல்லை. ஆனால் ஒருவர் நிற்கக்கூடாத இடத்தில் நின்றார், மற்றவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நின்றவரால் யாருக்கும் காயம் வந்திருக்காது, ஓட்டியவரால் வந்தது. ஆகவே தப்பு சமம் அல்ல. மூன்றில் ஒரு பங்கு என்னுடையது, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டியவனுடையது. ஓட்டியவன் முதலாளி சொன்னபடி செய்ததால் அந்தப் பணத்தை முதலாளி கட்ட வேண்டும். டிரைவருக்கு ஒரு சிறிய அபராதம். அதையும் முதலாளியே கட்டினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவனை வேலையைவிட்டு நீக்கவும் இல்லை. நீக்கினால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும்.

கோர்ட் வாசலில் என் அவொக்கா பொடி போட்டுக்கொண்டார். "பாதி குடுக்கறேன்னான், முக்காலே மூணு வீசம் வாங்கித் தர நான் பாத்தேன், நீர் வாயத் தொறந்து மூணுல ரெண்டு வாங்கினீர். பரவால்ல" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

தலைமைச் சாமியார் அங்கேயே நின்றிருந்தார். "பள்ளி திறந்ததும் வந்துவிடும், மாஸ்டர். பையன்கள் ஓடட்டும். நீர் நின்றால் போதும். நிற்பதில்தான் உமக்கு அனுபவம் இருக்கிறதே" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மைதானத்து ஓரத்தில் எனக்கு ஓர் உயரமான முக்காலி போட்டுக் கொடுத்தார். விசில் ஊத கால் எதற்கு? அந்த முக்காலியில் உட்கார்ந்து இன்னும் பல வருஷம் பையன்களை விரட்டினேன். கடை வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. வந்த பணத்தில் வலது பக்கம் அடி உயர்த்தித் தைத்த ஒரு ஜோடி பூட்ஸ் எனக்கு, தையல் மிஷின் ஒன்று அவளுக்கு. மீதி பெண்களுக்கு என்று எடுத்து வைத்தோம்.

தீர்ப்பு அன்று வீட்டுக்குப் போனபோது அவள் கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கோர்ட்டில் ஐம்பது பேர் முன்னால் சொன்னது இவ்வளவு கஷ்டமாக இல்லை.

"மூணுல ரெண்டு பங்கு குடுக்கச் சொல்லிட்டாங்க" என்றேன்.

"தோத்திரம்" என்றாள், மேலே பார்த்து. "மீதி ஒரு பங்கு?"

"அது என் தப்பாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டு மறு பக்கம் உரசினாள்.

"ஆஸ்பத்திரியில மொத நாளே நீ சொன்னே" என்றேன்.

"இன்னா சொன்னேன்?"

தெரியாமல் கேட்கவில்லை, என் வாயால் வர வேண்டும் என்று கேட்டாள். இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததற்கு அவ்வளவாவது கொடுக்க வேண்டும்.

"ஓரமா நின்னு சொல்லக்கூடாதான்னு கேட்டே. நீ கேட்டது சரி. நான்தான் உன்னோட பேசாம இருந்தேன்."

அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் கைத்தடியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். "ரெண்டு நாளு" என்றாள். கண் நிறைந்திருந்தது. "போய் ஒக்காருங்க. கொழம்பு வைக்கறேன்."

அந்த டிரைவர் பையன் வருஷா வருஷம் அறுப்புக்குப் பிறகு, அவன் வீட்டு நிலத்தில் விளைந்த மல்லாட்டையைச் சின்ன மூட்டையாகக் கொண்டுவந்து போடுவான். அவித்துத் தின்றுகொண்டே, அன்று என்னைக் கிடத்திக் கொண்டுபோன மூட்டைகளைப் பற்றிப் பேசுவோம். அரசமரத்தடியில் இப்போது லாரியை நிறுத்திவிட்டு இறங்கித்தான் கும்பிடுகிறானாம். முதலாளி உத்தரவு.

வீட்டில் சண்டை வந்தால் மூன்றாகப் பிரித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. யாருக்கு இரண்டு பங்கு என்பதில்தான் இன்றும் தகராறு.

மணிக்கு நிற்பதை நான் விடவில்லை. ஆனால் நாங்கள் இருவரும் கடைத்தெருவுக்குப் போகும்போது பன்னிரண்டு அடித்தால், என் கால் பழைய பழக்கத்தில் இன்றும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அவள் என் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுப்பாள். இழுத்து நிறுத்தி, வண்டி ஏதும் வருகிறதா என்று பின்னால் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் சிலுவை போடுவாள். அம்மாவின் சட்டப்படி ஓர் அடிகூட எடுக்கக்கூடாது. நான் மூன்று அடி எடுத்து வைத்து அவளோடு போகிறேன்.